காற்று செய்த வேலை

“மகளே, அந்த வின்னிபெக் அம்மா இன்னைக்கும் உன்னையே கேள்வி கேப்பாங்களா?”

“கேப்பாங்க அப்பா. நீங்க சத்தம் போடாம இருக்கணும்.”

“நான் எப்போ சத்தம் போட்டேன்?”

“போன வாரம் பிஸ்கட் டப்பாவைக் கீழே தள்ளினது யாரு?”

“காத்து.”

மியாலி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். மீன் சூப்பை ஊதி ஆற்றி அப்பாவின் கையில் கொடுத்தாள். குனிந்து, அவிழ்ந்திருந்த சீல்தோல் பூட்ஸின் கயிற்றைக் கட்டிவிட்டாள். பிற்பகல்தான், ஆனாலும் ஜன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டது. உறைந்த விரிகுடாவின் மேல் ஒரே ஒரு ஸ்னோமொபைல் வண்டியின் விளக்கு நகர்ந்தது.

வடக்கு ஊர்களில் பழங்குடிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டிகளாக இருப்பவர்களுக்கான ஆன்லைன் பயிற்சி. இன்று கடைசி வகுப்பு. ‘என்னை ஓர் ஆளாக மதித்தவர்’ என்று ஒருவரைப் பற்றி எல்லோரும் பேசியாக வேண்டும். இரண்டு முறை மியாலியின் பெயர் வந்தபோதும் அவள் கேமராவை அணைத்துவிட்டு ஒளிந்துகொண்டாள். இன்றும் வாய் திறக்காவிட்டால் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாவிட்டால் ஊர் ஹாலின் சாவி கிடையாது. போன குளிர்காலம் முழுவதும் ஹால் பூட்டிக் கிடந்ததும், பிள்ளைகள் கடை வாசலில் நடுங்கியபடி நின்றதும் அவளுக்கு மறக்கவில்லை.

கண்களை மூடிச் சின்னதாக ஒரு ஜெபம் சொன்னாள். ஆமென் மட்டும் அப்பா சொன்னார், உரக்க.

திரையில் லொரெய்ன் வந்தாள். அவள் க்ரீ என்ற பழங்குடியைச் சேர்ந்தவள். தெற்கே வின்னிபெக்கில் இருந்து பாடம் நடத்துபவள்.

“மியாலி, பக்கத்துல யாரோ இருக்காங்க போல?”

“எங்க அப்பா.”

“அவரைக் கொஞ்ச நேரம் உள்ளே உக்காரச் சொல்லலாமா? நீங்க தனியா பேசிப் பழகணும் இல்லையா?”

“அவர் இருந்தாத்தான் எனக்குப் பேச்சு வரும்.”

லொரெய்ன் யோசித்தாள். “சரி, இருக்கட்டும். உடம்பெல்லாம் நல்லா இருக்காரா?”

“நல்லா இருக்கார். முன்பல்லுதான் போயிடுச்சு. அந்த வயசுல அப்படித்தானே?”

“பாவம். ஐயா, நாங்க ஆரம்பிக்கலாமா?”

அப்பா புருவத்தை உயர்த்தினார்.

“சரிங்கறார்,” என்றாள் மியாலி.

அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சூடான கை. பேச்சு தானாக வந்தது.

“எனக்கு ஏழு வயசு இருக்கும். அப்பா முதல் தடவையா என்னை ஏரிக்குக் கூட்டிட்டுப் போனார். பனிக்கட்டியில துளை போட்டு, என் கையில தூண்டிலைக் கொடுத்தார். கலைமான் கொம்புல அவரே செதுக்கினது. இருந்தது அது ஒண்ணுதான். நான் துளைக்குள்ள தவற விட்டுட்டேன். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்தது. அப்பா துளையையே கொஞ்ச நேரம் பாத்தார். அப்புறம் ஸ்டவ்வைப் பத்த வச்சு டீ போட்டார். முதல் கோப்பையை எனக்குத்தான் நீட்டினார், பெரிய மனுஷிக்குக் கொடுக்கற மாதிரி. அந்த டீயோட ருசி இப்பவும் நாக்குல இருக்கு.”

“அப்புறம்?”

“மீன் இல்லாம வீட்டுக்கு வந்தோம். தூண்டில் எங்கேன்னு அம்மா கேட்டாங்க. அப்பா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. ‘காத்து அடிச்சிட்டுப் போயிடுச்சு’ன்னார்.”

திரையில் இருந்த மற்ற பதினாறு முகங்களும் சிரித்தன. லொரெய்ன் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

“ஹாலுக்கு வர்ற பிள்ளைங்க எதை உடைச்சாலும் நான் முதல்ல டீதான் போடுவேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்,” என்று முடித்தாள் மியாலி.

“அது போதும் மியாலி. சான்றிதழ் உங்களுக்குத்தான், சாவியும்தான்,” என்றாள் லொரெய்ன். “கேமராவைக் கொஞ்சம் திருப்புங்க. அந்தப் பெரியவருக்கு நான் முகம் பாத்து வணக்கம் சொல்லணும்.”

மியாலி குனிந்து அப்பாவைத் தூக்கி மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.

“எங்க அப்பா தவறிப்போன அடுத்த வசந்தத்துல பக்கத்து வீட்டுல இவர் பிறந்தார். அவர் பேரையே வச்சாங்க, யோவானசின்னு. எங்க ஊர்ல பேர் வந்தா ஆளும் வந்த மாதிரிதான்,” என்றாள்.

முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்த அந்த ஆறு வயதுக்காரர் அவள் கன்னத்தைத் தன் பக்கம் திருப்பிக் கேட்டார்: “மகளே, இனி நான் சத்தம் போடலாமா?”