தேமல்தான் அக்கா

விளக்கை அணைக்கப் போகிறேன் என்று டாக்டர் சொன்னதும், குழந்தை எழுந்து போய்ச் சித்தியின் மடியில் ஏறிக்கொண்டது.

பெற்றவள் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள். கையைக்கூட நீட்டியிருந்தாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

ஏழு வயது மகளின் வலது கன்னத்தில் வெளிறிய திட்டு இரண்டு. ஒரு மாதமாகப் பெற்றவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. தேமல் என்றால் போய்விடும். வெண்புள்ளி என்றால் லேசில் போகாது, பரவும், பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரு கேள்வி கேட்பார்கள். பெண் குழந்தை வேறு.

இந்த டாக்டரைக் கண்டுபிடித்தது அந்தச் சித்திதான், இவளுடைய ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி. வரவேற்பில் இருந்த பெண் அவளைப் பார்த்ததும் ரொம்ப நாள் பழகியவள் போலச் சிரித்தாள். அந்தச் சிரிப்பே இவளுக்குப் பிடிக்கவில்லை. எங்கே போனாலும் அவளுக்கென்று ஒரு சிரிப்பு காத்திருக்கிறது.

திட்டைப் பார்த்த முதல் நாளே தீர்ப்பையும் அவள் சொல்லிவிட்டாள்.

"தேமல்தான் அக்கா. ஓரம் பாருங்க, மங்கி மங்கிப் போகுது. அந்த மாதிரின்னா ஓரம் கோடு போட்டாப்ல பளிச்சுன்னு தெரியும்."

பார்ப்பது வங்கி வேலை, பேச்சு மட்டும் தோல் டாக்டர். தன் பையனுக்கு வந்திருந்தால் இவ்வளவு நிதானமாகப் பேசியிருப்பாளா என்று இவள் பொருமினாள். சோப்பு போட்டுத் தேய்க்காதீர்கள் என்று அவள் சொன்னதற்காகவே இன்னும் நாலு தேய் தேய்த்தாள். கன்னம் காய்ந்து செதில் செதிலாக உரிந்ததுதான் மிச்சம்.

இந்தப் பொறாமை இன்று நேற்று வந்ததல்ல. பதினோரு வருடம். அவளுடைய நிறம், நடை, மாமியார் அவளைக் கூப்பிடும்போது மட்டும் குழைகிற குரல், எல்லாவற்றுக்கும் இவளுக்கு வயிறு எரியும்.

இவள் தையல்காரி. தெருவே இவளிடம்தான் துணி கொடுக்கிறது. ஒரே வீட்டின் மாடியில் இருக்கும் அவள் மட்டும் ஒரு சட்டைக்குக்கூட அளவு கொடுத்ததில்லை. பஸ் ஏறிப் போய் எங்கேயோ தைத்துக்கொண்டு வருவாள், கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கை. நம் தையல் அவளுக்கு மட்டம் போலிருக்கிறது என்று இவளாகவே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டு, அதை வருடக்கணக்கில் மென்றுகொண்டிருந்தாள்.

இப்போது பெற்ற பிள்ளையும் அவள் மடிக்குப் போய்விட்டது.

அறை இருட்டானது. குழந்தையைக் கண்களை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, டாக்டர் ஒரு சின்ன விளக்கை எரியவிட்டார். ஊதா வெளிச்சம். வெண்புள்ளியாக இருந்தால் இதில் பளீரென்று ஒளிரும், தேமல் மங்கலாகவே கிடக்கும் என்று முன்பே விளக்கியிருந்தார்.

குழந்தை சித்தியின் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தபடி முகத்தைத் திருப்பியது. சித்தி அதன் மோவாயைப் பிடித்து நிறுத்தினாள்.

இவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

ஒளிர்ந்தது.

நீலம் கலந்த வெள்ளை. ஓரம் கோடு போட்டது போல.

பிறகுதான் சரியாகப் பார்த்தாள். அது கன்னம் அல்ல. கன்னம் மங்கலாக, சாதுவாகக் கிடந்தது. ஒளிர்ந்தது மோவாயைப் பிடித்திருந்த கை. பொத்தான் கழன்று சட்டைக்கை மேலே ஏறியிருந்தது. மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரை திட்டுத் திட்டாக வெள்ளை.

டாக்டருக்கு அது புதிதல்ல என்பது அவர் விளக்கை நகர்த்திய விதத்திலேயே தெரிந்தது.

அறையில் மறுபடி வெளிச்சம் வந்தபோது பொத்தான் போட்டாகிவிட்டது. தேமல்தான் என்றார் டாக்டர். வறண்ட தோல், களிம்பு தருகிறேன், நிறம் திரும்பச் சில மாதம் ஆகும், பயப்பட ஒன்றுமில்லை. கன்னத்தை இப்படித் தேய்த்தது யார் என்று அவர் கேட்டபோது ஓரகத்தி கூரையைப் பார்த்தாள். இவள் தரையைப் பார்த்தாள்.

வெளியே நடைக்கூடத்தில் மகள் குதித்துக்கொண்டு முன்னால் ஓடினாள். இவளுக்கு நிம்மதியில் அழுகை வந்தது. கூடவே வேறு எதற்காகவோ வந்தது. கேட்பதற்கு நூறு இருந்தும், வீட்டில் யாருக்கெல்லாம் தெரியும் என்று மட்டும் கேட்டாள்.

"உங்க கொழுந்தனுக்கு மட்டுந்தான். கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேன். இன்னிக்கு வரைக்கும் அவர் யார்கிட்டயும் மூச்சு விடல அக்கா."

யாரிடமும் என்றால் பெற்ற தாயிடம்கூட இல்லை. கூடப்பிறந்த அண்ணனிடம்கூட இல்லை.

கைப்பையில் போன் அடித்தது. அந்த அண்ணன்தான், இவள் கணவன். குழந்தை விஷயம் வெளியே போகக்கூடாது என்று அவனிடம் இவள் சத்தியமே வாங்கியிருந்தாள். தேமல்தான் என்று இவள் சொல்லி வாய் மூடவில்லை, அவன் போனைக் காதில் வைத்தபடியே அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி அதை அறிவித்தான். மறுமுனையில் பத்துப் பேராவது கைதட்டினார்கள். யாரோ ஒரு பெரியவர், கன்னத்தில் ரெண்டும் தேமல்தானா என்று அக்கறையாக விசாரித்தார்.

போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

நிறத்துக்கும் நடைக்குமாகப் பதினோரு வருடம் தப்பான இடத்தில் வயிறெரிந்திருக்கிறாள். சரியான இடம் இன்றைக்குத்தான் தெரிந்தது.