வாசலை அடைத்த படகு

"இறங்குங்க மேடம். வயசான காலத்துல விழுந்து வெச்சீங்கன்னா நான்தான் பதில் சொல்லணும்."

"இறங்க மாட்டேன். இழுக்கறதுன்னா என்னையும் சேர்த்து இழுத்துட்டுப் போ!"

வெர்னா நோவிக்கி தன் வீட்டு வாசலில், டிரெய்லர் மேல் நின்ற படகுக்குள் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தாள். தலையில், இறந்துபோன கணவர் கிளெமின் மீன்பிடித் தொப்பி. கையில் துடுப்பு. எழுபதைத் தாண்டியவள் எந்த நேரத்தில் ஏணி வைத்து ஏறினாளோ, தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

கீழே நகராட்சி ஆய்வாளர் டார்னெல் பிக்கெட். அவன் பின்னால் கொக்கியும் சங்கிலியுமாக இழுவை லாரி. வீட்டின் முன்பக்கம் படகு நிறுத்தக் கூடாது என்பது ஊர் விதி. ஈரி ஏரிக்கரையில் இருந்துகொண்டு அப்படி ஒரு விதி போட்ட புண்ணியவான் யாரோ! யாரோ போனில் புகார் சொல்ல, நோட்டீஸ் வந்து, கெடுவும் முடிந்து, இன்றைக்குப் படகைத் தூக்கும் நாள். தூக்கினால் நேரே காயலான் கடைதான்.

"புகார் சொன்னது யாரு? டேய் ஹோவர்டு, நீதானே? உன் புல்வெட்டற மெஷின் சத்தத்துக்கு நான் என்னிக்காவது போன் பண்ணியிருக்கேனாடா?"

எதிர்வீட்டு வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஹோவர்ட் பதறிப் போனார். ஐம்பது வயது ஆள்.

"அம்மா தாயே, நான் இல்ல! கிளெம் மாமா கொடுத்த மீனைத் தின்னு வளர்ந்த உடம்பு இது!"

"பேர் சொல்லாம வந்த போன் மேடம். யாருன்னு எங்களுக்கே தெரியாது," என்றான் டார்னெல். "அதை விடுங்க. இந்தப் படகுல அப்படி என்ன இருக்கு? அடியில ஓட்டை. என்ஜின் இல்ல. உள்ளே ரக்கூன் வேற குட்டி போட்டிருக்கு."

"என்ன இருக்கா?" வெர்னா துடுப்பைக் கீழே வைத்தாள்.

"மே மாசம் வந்தா கிளெமுக்குக் கண்ணாடி பாக்டரி வேலையே மறந்து போகும். விடியறதுக்கு முன்னாடி எழுப்பி, 'வெர்னா, மீன் கூப்பிடுது'ம்பார். மீன் எங்கேயாவது கூப்பிடுமா? பைத்தியக்கார மனுஷன். ஆனா போவேன். ஊருக்குள்ள மூச்சு விடாமப் பேசறவர், தண்ணிக்கு மேல சூரியன் வர்றப்போ மட்டும் வாயே திறக்க மாட்டார். என் கையைப் பிடிச்சுக்கிட்டு சும்மா பார்த்துக்கிட்டே இருப்பார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதே வாசல்ல அடுப்பைப் போட்டு மீன் பொரிப்போம். தெருப் பிள்ளைங்க அத்தனையும் தட்டோட வரிசையில நிக்கும். ஏண்டா ஹோவர்டு, நீ எத்தனை தடவை வரிசையில திரும்பி வந்து நிப்பே?"

"வயிறு ரொம்பற வரைக்கும்," என்றார் ஹோவர்ட். 

"ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின வாணவேடிக்கையை நடுத்தண்ணியில இருந்துதான் பார்ப்போம். மேலேயும் வெளிச்சம், கீழேயும் வெளிச்சம். கடைசியா ஆஸ்பத்திரியில, 'படகை மட்டும் விட்டுடாதே'ன்னார். சரின்னு வாக்குக் கொடுத்தேன். நீ இப்ப லாரியோட வந்து நிக்கறே."

சட்டம் பேச வந்தவன் கையிலிருந்த நோட்டீஸை மடித்துப் பைக்குள் வைத்தான். அவனுடைய அப்பா இறந்த வாரமே அவருடைய பழைய பிக்கப் வண்டியை வீட்டில் விற்றுவிட்டார்கள். இன்றைக்கும் அதே நிறத்தில் ஒரு வண்டி எதிரே வந்தால், ஓட்டுவது யார் என்று டார்னெலின் கண் தானாகத் தேடும். அந்த வருத்தம் அவனுக்குத் தீரவே இல்லை.

போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனான். மேலதிகாரியிடம் வாதாடினான், கெஞ்சினான், ஒரு கட்டத்தில் சத்தமும் போட்டான். திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"மேடம், விதின்னு இருந்தா விலக்குன்னும் ஒண்ணு இருக்கு. வாங்கிட்டேன்! இனிமே நீங்க இருக்கிற வரைக்கும் இந்தப் படகு மேல ஒருத்தன் கை வைக்க முடியாது."

ஹோவர்ட் கைதட்டினார். லாரிக்காரன்கூட ஒரு ஹாரன் அடித்துவிட்டுத்தான் புறப்பட்டான்.

வெர்னா அசையவில்லை.

"நிஜமாவா? எடுக்கவே மாட்டீங்களா?"

"எடுக்கவே மாட்டோம்!"

அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பாவம், சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று டார்னெல் நினைத்தான். கைத்தாங்கலாக அவளை இறக்கிவிட்டு, அன்றைக்கு விசிலடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான். இந்த உத்தியோகத்தில் அப்படி ஒரு நாள் வாய்ப்பது அபூர்வம்.

திங்கட்கிழமை காலை. ஆபீஸில் போன் எடுக்கும் பெண் லீவு. டார்னெல்தான் எடுத்தான்.

"பேர் சொல்ல மாட்டேன்," என்றது மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசிய ஒரு குரல். "ஆர்ச்சர்ட் தெருவுல ஒரு வீட்டு வாசல்ல ஓட்டைப் படகு ஒண்ணு நிக்குது. போன தடவையும் நான்தான் சொன்னேன். தூக்க வந்தவங்க தூக்காமப் போயிட்டாங்க. என்ன நகராட்சி நடத்தறீங்க?"

புகாரை எழுதிக்கொண்டிருந்த டார்னெல் பேனாவைக் கீழே வைத்தான்.

"மேடம்... மிஸஸ் நோவிக்கி?"

மூக்கை விட்டுவிட்ட வெர்னாவின் சொந்தக் குரல் உடைந்து வந்தது.

"காலையில ஜன்னல் திரையை விலக்கினா அதுதான் நிக்குது தம்பி. ஒரு நாளாவது அழாம எழுந்திருக்கணும்னு இருக்கு. வாக்குக் கொடுத்துட்டு என் கையால எப்படி அனுப்புவேன்? 'நான் மறிச்சுத்தான் பார்த்தேன், பிடுங்கிட்டுப் போயிட்டாங்க'ன்னு அவர்கிட்ட சொல்லிக்கலாமேன்னு, ஒரு பேச்சுக்கு ஏறி உட்கார்ந்தேன்... நீ என்னடான்னா நிஜமாவே விட்டுட்டுப் போயிட்டியே!"