பாதியில் நின்ற பாட்டு

மோர்ட்டன் விரிகுடாவில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. படகின் உள்ளறையில் நெரிடா தக்காளி நறுக்குகிறாள். மேல்தளத்தில் அவள் கணவன் மெர்வின் தன் சட்டைப்பையிலுள்ள கைபேசியிலிருந்து ஸ்பீக்கரில் பாட்டு வைத்திருக்கிறான். படகைத் தானாக ஓட்டும் கருவியின் ரிமோட்டும் அவன் கழுத்தில்தான் தொங்குகிறது. “சத்தத்தக் கொறை மெர்வ், காது போகுது!” “கெழவி ஆயிட்டே நீ!” என்று மேலிருந்து சிரிப்பு வருகிறது. சற்று நேரத்தில் பாட்டு வரியின் நடுவே அறுந்துபோகிறது. கோபித்துக்கொண்டானோ என்று நினைக்கிறாள். என்ஜின் மட்டும் ஒரே சீராக முனகுகிறது. “மெர்வ்?” கத்தியைக் கீழே வைக்க மறந்து படியேறுகிறாள். தளத்தில் ஒற்றைச் செருப்பு கிடக்கிறது. யாரும் தொடாத சுக்கான் தானாக அசைய, படகு அவனில்லாமலே ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறது. சுக்கானருகே உள்ள திரையில் ‘ரிமோட் தொடர்பு இல்லை’ என்ற எழுத்துகள் மின்னுகின்றன. தக்காளிச் சாறு வழுக்கும் விரலால் அந்தக் கருவியை நிறுத்தும் பொத்தானை மூன்று முறை அழுத்தியபின்தான் சுக்கான் அவள் கைக்கு வருகிறது. வந்த நுரைத்தடத்திலேயே படகைத் திருப்புகிறாள். வெகுதூரத்துக்கு வெறும் தண்ணீர். பிறகு அலைக்கு நடுவே ஒரு கை, ஒரு குரல். “எம்மேல ஏத்திடாத! என்ஜின நிறுத்து!” நிறுத்துகிறாள். ஏணியைப் பற்றியவனின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடிக்கிறாள். “ஏறு மெர்வ்.” “நீந்தி நீந்திக் கால் வரல நெரி. கொஞ்ச நேரம் இப்படியே புடிச்சுக்கோ.” பிடித்திருக்கிறாள். பொழுது சாயச் சாய அவன் இடுப்புக்குக் கீழே கறுத்துக்கொண்டே போகும் தண்ணீரைப் பார்க்காமல், அவன் முகத்தையே பார்க்கிறாள்.