வெளியே தெரியாத துப்பாக்கி

“தெரியுதா?” என்றார் அர்பாப்.

வெள்ளைக் கந்தூரா அங்கிக்குள்ளே இடுப்போரமாக ஒரு கைத்துப்பாக்கியைச் செருகிக்கொண்டு, கடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து காட்டினார்.

கார்மேகம் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அபுதாபி பக்கத்து அல் ஐனில் அர்பாபின், அதாவது அரபு முதலாளியின், பிக்கப் வண்டியை ஓட்டுகிறவன் அவன். எழுபத்தாறாம் வருஷம் அது. எல்லை தாண்டி ஓமானின் புரைமிக்குப் போக யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அங்கே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதோடு அவன் வேலை முடிந்தது. துப்பாக்கிக் கடைக்குள் கூப்பிட்டு, ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, ‘பார்த்துச் சொல்’ என்றால்?

“தெரியுது அர்பாப். வலப்பக்கம் புடைச்சிருக்கு.”

“அச்சா. இதைவிடச் சின்னது காட்டு” என்று கடைக்காரர் கலீல் ரஹ்மானிடம் திருப்பிக் கொடுத்தார்.

அர்பாபிடம் துப்பாக்கி இல்லாமல் இல்லை. தோட்டா வார் சகிதம் ஒரு பழைய பெரிய ரிவால்வர், ஊரே பார்க்கும்படி அவர் இடுப்பில் தொங்கும். இப்போது அதைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார். அவருடைய அப்பா காலத்துப் பழக்கம். அது இல்லாமல் வெளியே போவது தலைத்துணி இல்லாமல் போவது மாதிரி என்பார். அப்படிப்பட்ட மனுஷர் திடீரென்று வெளியே தெரியாத துப்பாக்கி தேடுகிறார் என்றால், யாருக்காக?

தனக்காகத்தான் என்று பட்டது கார்மேகத்துக்கு. படக் காரணமும் இருந்தது.

நேற்றுத்தான் ஊரிலிருந்து மனைவி பஞ்சவர்ணத்தின் கடிதம் வந்தது. ‘ஏழு மாசம் ஆகுது. டாக்டரம்மா மதுரை ஆஸ்பத்திரியில சேரச் சொல்லிட்டாங்க. முந்தி ரெண்டும் தங்கல. நீங்க பக்கத்துல இருந்தா எனக்குப் பயமிருக்காது.’

லீவு முடிந்து வந்தே ஆறு மாதம்தான் ஆகிறது. அடுத்த லீவுக்கு இன்னும் ஒன்றரை வருஷம். பாஸ்போர்ட் அர்பாபின் இரும்புப் பெட்டியில். கேட்டுவிடுவது என்று துணிந்துதான், தொழிலாளர் கேம்புக்கு வந்திருந்த அவர் முன்னால் போய் நின்றான். பாழாய்ப்போன கண் நேரே அந்த ரிவால்வரில் போய் நின்றது. “என்ன?” என்றார். “மாஃபி, ஒண்ணுமில்ல அர்பாப்” என்று திரும்பிவிட்டான்.

“உன் மூஞ்சியே காட்டிக் குடுத்திருக்கும்டா. பாஸ்போர்ட்டைத் தூக்கிட்டு ஓடப் போறேன்னு நினைச்சிருப்பாரு” என்று ரூமில் கூடத் தங்கியிருக்கும் தியாகு வேறு பயமுறுத்திவிட்டான்.

கலீல் ரஹ்மான் அடுத்ததை எடுத்து நீட்டினார். “இது தட்டையா இருக்கும் சேட். ரிவால்வர் மாதிரி உருளை கிடையாது. புடைக்காது.”

அர்பாப் செருகினார். நடந்தார். கீழே விழுந்த எதையோ எடுப்பது போலக் குனிந்தார்.

“குனிஞ்சா தெரியுது அர்பாப்.”

மூன்றாவது உள்ளங்கைக்குள் அடங்கியது. “பத்தடிக்கு மேல குறி நிக்காது. தோட்டாவும் கம்மி. ஆனா சேட், பொண்டாட்டிகூடக் கண்டுபிடிக்க மாட்டா” என்றார் கலீல் ரஹ்மான்.

அர்பாப் நடந்தார், உட்கார்ந்தார், எழுந்தார், கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தார். கார்மேகம் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தான். ஒன்றுமே தெரியவில்லை.

அதுதான் அவனுக்கு நடுக்கத்தைக் கொடுத்தது. ரிவால்வர் என்றாலாவது, இருக்கிறதென்று பார்த்து ஒதுங்கிப் போகலாம். இதை வைத்துக்கொண்டு மனுஷன் எப்போது என்ன செய்வான் என்று யார் கண்டது?

“தெரியுது அர்பாப்” என்று கூசாமல் புளுகினான். “நல்லாவே தெரியுது.”

“அரே பாய், எனக்கே தெரியலையே! உனக்கு இருக்கிறது கண்ணா, எக்ஸ்ரேயா?” என்றார் கலீல் ரஹ்மான்.

அர்பாப் சிரிக்கவில்லை. கார்மேகத்தையே பார்த்தபடி அங்கிக்குள் கையை விட்டார். கார்மேகம் ஸ்டூலோடு பின்னால் நகர்ந்தான்.

துப்பாக்கியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவனெதிரில் உட்கார்ந்தார் அர்பாப்.

“இவ்வளவு சின்னதுகூட உன் கண்ணுக்குத் தெரியுதுன்னா, இனிமே உங்க கேம்புக்கு வரும்போது வண்டியிலேயே கழற்றி வெச்சிட்டு வரேன். கலாஸ், அவ்வளவுதான்” என்றார். “நேத்து என்னமோ கேட்க வந்தே. என் இடுப்பைப் பார்த்ததும் உன் பேச்சு நின்னு போச்சு. நாலு வருஷமா என்கிட்ட இருக்கிறவன் என்னைப் பார்த்து நடுங்குறானேன்னு எனக்கு மனசே சரியில்ல. இப்போ என் இடுப்புல ஒண்ணுமில்ல. கேளு.”

கார்மேகத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினான். தமிழ்க் கடிதம் அவருக்கு என்ன புரியும் என்று அப்புறம்தான் உறைத்தது. தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் திக்கித் திணறிச் சொல்லி முடித்தான்.

“அரே பாகல், பைத்தியக்காரா, இதைக் கேட்கவா பயந்தே? சாயங்காலம் பாஸ்போர்ட்டை வாங்கிக்கோ. வெள்ளிக்கிழமை கிளம்பு. பிள்ளை முகத்தைப் பார்த்துட்டு மெதுவா வா.”

நேற்றிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கி, முழு மூச்சு வந்தது. கூடவே வெட்கமும் வந்தது.

மூன்று துப்பாக்கிகளையும் துணியால் துடைத்து உள்ளே வைக்கப் போன கலீல் ரஹ்மான், “அப்போ எதுவும் வேண்டாமா சேட்?” என்றார் வாடிய முகத்தோடு.

கார்மேகம் எழுந்து போய் மூன்றாவதைக் காட்டினான்.

“இதைக் கட்டிக் குடுங்க பாய். சத்தியமா இது தெரியவே இல்ல.”