கீழ்க்குழாய்

கம்பவுண்டர் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார். ரேடியேட்டரின் அடித்திருகு ஒரு வழியாக அசைந்து கொடுத்தது. கஷாய நிறத்தில் தண்ணீர் பாய்ந்து, வாளியை விட்டுவிட்டு அவருடைய சட்டைக்கைக்குள் இறங்கியது.

"அப்புறம் வாளி எதுக்கு?" என்றாள் வாசற்படியில் நின்ற மனைவி.

"பேசாம குழாயைத் திற."

அவள் திறந்தாள். மேலே சுத்தமாகப் போன தண்ணீர் கீழே துருவாக வந்தது. நிரப்பி, இன்ஜினை ஓடவிட்டு, ஆறவைத்து, மறுபடி வடித்தார். காலையிலிருந்து மூன்று முறை. மூன்று முறையும் கஷாயம்.

ஐந்து மணிக்கு வண்டியை வாங்க ஆள் வருகிறது. அடுத்த வாரம் குடிபோகும் மாடி வீட்டில் வண்டி நிறுத்த இடமில்லை. பழைய இரும்புக் கடைக்காரர் இரண்டு முறை வந்து கேட்டார். "ஓட்டறவங்களுக்குத்தான் குடுப்பேன், உடைக்கறவங்களுக்கு இல்ல" என்று இரண்டு முறையும் கம்பவுண்டர் திருப்பி அனுப்பிவிட்டார்.

இன்று வருகிறவர் ஓட்டிப் பார்க்கும்போது சூடு காட்டும் முள் ஏறினால், வந்த வழியே போய்விடுவார். அதன் பிறகு இரும்புக் கடைதான்.

"ரெண்டு பிள்ளைங்களைக் குளிப்பாட்டி வளர்த்தேன்" என்றாள் மனைவி. "ஒரு நாளாவது வாளியைத் தொட்டிருப்பீங்களா?"

"பிள்ளைங்க கொதிக்கலையே."

நான்காவது முறை தண்ணீர் தெளிந்தது. கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி. குவளையைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, கோடு பார்த்து ஊற்றினார். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிய கை. ஒரு சொட்டு சிந்தவில்லை.

மனைவியை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து இன்ஜினைப் போடச் சொன்னார். கால் மணி நேரத்தில் முள் ஏறியது.

ரேடியேட்டரின் மேல்குழாயைத் தொட்டார். சுட்டது. கீழ்க்குழாயைத் தொட்டார். சில்லென்று இருந்தது. உள்ளே எங்கோ காற்று அடைத்துக்கொண்டு தண்ணீரைச் சுற்றவிடாமல் மறிக்கிறது.

நிறுத்தி, ஆறவைத்து, மூடியைத் திறந்து, குறைந்ததை ஊற்றி, மறுபடியும் ஓடவிட்டார்.

"ஹீட்டரை முழுசா வை. ஆக்ஸிலேட்டரை லேசா மிதி."

"எனக்கு வேர்த்து ஊத்துது. நிறுத்தட்டுமா?"

"நிறுத்தாதே. உள்ள இருக்கற காத்து வெளிய வரணும்."

"அது வர்றதுக்குள்ள என் மூச்சு போயிடும்." அவள் முந்தானையால் விசிறிக்கொண்டாள். "வர்றவர் இதை நல்லா வச்சிப்பார்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"போன்ல பேசினேனே. இதே வண்டி, இதே நீலம், ஏற்கெனவே ஒண்ணு வச்சிருக்காராம். அருமை தெரிஞ்ச மனுஷன்."

"ஒண்ணை வச்சிக்கிட்டுப் படற பாடு அவருக்குப் போதலையா?"

முள் ஏறியது. கீழ்க்குழாய் சில்லென்றே இருந்தது. கம்பவுண்டர் ஸ்பேனரை வீசினார். அது செடித்தொட்டியில் பட்டுத் தொட்டி இரண்டாகப் பிளந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "அதுவும் பாதிக்குப் பாதிதானா?"

அவர் வாசற்கதவிலிருந்து தெருவுக்கு இறங்கும் சரிவையே பார்த்துக்கொண்டு நின்றார். காற்று மேலேதான் ஏறும். ரேடியேட்டர் மூடி எல்லாவற்றுக்கும் மேலே இருந்தால் மூடி வழியாகத்தான் ஏறும். முப்பது வருடம் பாட்டில் குலுக்கியவருக்கு இது மதியம் மூன்றரைக்குத்தான் தோன்றியது.

வண்டியைத் தெருவுக்கு எடுத்து, மூக்கு மேலே பார்க்கச் சரிவில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார். ஆறும்வரை நகம் கடித்தார். மூடியைத் திறந்துவைத்து ஓடவிட்டார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு குபுக்கென்று ஒரு குமிழி. தண்ணீர் மளமளவென்று இறங்கியது. ஊற்றினார். மறுபடி குபுக். ஊற்றினார். மூடியை இறுக்கிவிட்டுக் கீழ்க்குழாயில் கை வைத்தார்.

"சுடுது" என்றார்.

"அதுக்கு ஏன் சிரிக்கிறீங்க?"

முள் நடுவில் நின்றது. இருபது நிமிடம் அசையாமல் நின்றது. கம்பவுண்டருக்குச் சட்டை மாற்ற நேரம் இருந்தது.

மணி ஐந்தடிக்கும்போது, வாங்குகிறவர் நடந்தே வந்தார். வணக்கம் சொன்னார், அதிகம் பேசவில்லை. வண்டியை இரண்டு முறை சுற்றினார். நான்கு கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடி, மூடும் சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டார். குனிந்து அடிவிளிம்பை விரலால் தடவினார்.

பார்த்தாயா என்பதுபோல் கம்பவுண்டர் மனைவியைப் பார்த்தார்.

"எடுத்துக்கறேன் ஐயா" என்றார் வந்தவர்.

"இருங்க, ஒரு சுத்து ஓட்டிப் பாருங்க. எவ்வளவு தூரம் போனாலும் முள் ஏறாது. பானட்டைத் திறந்து காட்டட்டுமா?"

"வேண்டாங்க. என் வண்டியில இன்ஜினுக்கு ஒரு குறையும் இல்ல. பாடியைத்தான் துரு தின்னுடுச்சு."

"அதனால?"

"இதுல எனக்குக் கதவு நாலும் போதும்."