தாமத விளக்கம்

மேனேஜர் அந்த வாரத்தின் மூன்றாவது தாமத விளக்கக் கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். எதிரே ஸ்டோர் கீப்பர் நின்றிருந்தார்.

“போன மாசம் ‘பிகாஸ் பஸ்’னு ரெண்டே வார்த்தை எழுதி, ஹெட் ஆபீஸ்ல என் மானத்தை வாங்கினீங்க. இப்போ திங்கக்கிழமை ‘ஓயிங் டு’ போட்டு டிராஃபிக், செவ்வாக்கிழமை ‘டியூ டு’ போட்டு மழை. பிரமாதமான இங்கிலீஷ்! ரெண்டுக்கும் கையெழுத்துப் போட்டேனா இல்லையா?”

“போட்டீங்க சார்.”

“இன்னைக்கு என்ன இது? என் காதுல பூ சுத்துறீங்களா?”

“சார், இன்னைக்கு மட்டும்தான் நிஜத்தை எழுதினேன்.”

“யாருகிட்ட கதை விடுறீங்க? நம்புற மாதிரி ஒரு காரணம் எழுதிட்டு வாங்க.”

கடிதத்தைக் கசக்கி எறிந்தார்.

ஸ்டோர் கீப்பர் இருக்கைக்குத் திரும்பி, ‘ஆன் அக்கவுண்ட் ஆஃப்’ போட்டு, பஸ் டயர் பஞ்சர் என்று எழுதிக் கொடுத்தார். மேனேஜர் மறுபேச்சில்லாமல் கையெழுத்திட்டார்.

குப்பைக்கூடையில் பாதி விரிந்து கிடந்த அன்றைய முதல் கடிதம், பிழையில்லாத இங்கிலீஷில் இப்படிச் சொன்னது:

‘ஐயா, தாமதத்துக்கு ஒழுங்காக விளக்கம் எழுதக் கற்றுக்கொள்வதற்காக, தினமும் காலையில் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய்விட்டு வருகிறேன். அதனால்தான் தாமதம்.’