கருக்காய் கோஷ்டியின் முதல் நிஜக் கச்சேரி

இளையபெருமாள் கிடாரைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு மேடைக்கு வந்தான்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மிராசுதார் துரைராசுவுக்கு அப்போதே வயிறு குளிர்ந்துவிட்டது. மாட்டினானுங்கடா, என்று மனசுக்குள் தொடையைத் தட்டிக்கொண்டார்.

பின்னே? இந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தானே மனுஷன் மூணு வருஷமாய்ப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்!

விவசாயத் தொழிலாளர் சங்கம் போட்ட நாடகத்தில் ஒரே ஒரு சீனுக்காக முளைத்த கோஷ்டி அது. கூலி நெல்லில் துரைராசு அரிசியில்லாத கருக்காயைக் கலந்து அளக்கிறார் என்று நக்கல் பண்ண, நாலு அறுப்பு ஆட்கள் 'தி கருக்காய்ஸ்' என்று வெள்ளைக்கார ராக் கோஷ்டி வேஷம் கட்டினார்கள். தலையில் வைக்கோல் முடி. முறம்தான் கிடார். வாய்தான் இசை. பாட்டு முழுக்கத் துரைராசு.

அந்தப் பாட்டு காட்டுத்தீயாய்ப் பரவியது. நடவு வயலில் பொம்பளைகள் பாடினார்கள். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் பாடினான். கும்பகோணத்தில் வெற்றிலைக் கடைக்காரன், "வாங்க, கருக்காய் மிராசு" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். கரைவேட்டிக்கு மாறி, மாலையும் மரியாதையுமாய் வலம் வந்துகொண்டிருந்த மனுஷருக்கு எப்படி இருக்கும்?

ஆள் விட்டு அடித்தார். பொய்க் கேஸ் போட்டார். கோஷ்டி சிதறியது. ஒருத்தன் வேதாரண்யத்து உப்பளத்துக்கு ஓடினான், ஒருத்தன் தரங்கம்பாடியில் படகேறினான். பாட்டு மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை.

"அடிச்சா அவங்க மேலதாங்க இரக்கம் வருது," என்றாள் மனைவி மங்களாம்பிகை, ஒருநாள் ரசம் ஊற்றிக்கொண்டே. "கூப்பிட்டு, நெசக் கிடாரைக் கையில குடுத்து மேடையேத்தி விடுங்களேன். முழிக்கிறதை ஊர் பாக்கட்டும்."

அட! இவளுக்குக்கூட மூளை இருக்கிறதே என்று துரைராசு அன்றைக்கு இன்னொரு கை சோறு கூடவே சாப்பிட்டார்.

மாரியம்மன் திருவிழா வந்தது. திருச்சியிலிருந்து நிஜ கிடார், நிஜ டிரம்ஸ் எல்லாம் இறங்கின. 'பிரிந்தவர் கூடினர்! நிஜக் கச்சேரி!' என்று தட்டி கட்டி, வண்டியில் மைக் வைத்து ஊர் ஊராய்க் கூவ விட்டார். நாலு பேரையும் தேடிப் பிடித்து வரவழைத்தார். நில உச்சவரம்பு விசாரணைக்காக ஊரில் தங்கியிருந்த தாசில்தாரையும் சந்தோஷப்படுத்திய மாதிரி இருக்கட்டும் என்று பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

இளையபெருமாள் தந்தியை இழுத்தான். ஈனப்போகிற எருமை முனகுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. டிரம்ஸில் உட்கார்ந்த காத்தான் குச்சியைத் தவறவிட்டு, அதை எடுக்கக் குனிந்ததில் தலை பித்தளைத் தட்டில் மோதி ஜல்லென்றது.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. விசில் பறந்தது. "ஒன்ஸ் மோர்!"

இங்கேதான் துரைராசு கோட்டைவிட்டார். கோமாளியைச் சொதப்பவிட்டு அவமானப்படுத்த முடியுமா, ஐயா? அவர்கள் சொதப்பச் சொதப்ப ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது. தாசில்தார்கூட மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மேடை, என் மைக், இந்தப் பயல்களுக்குக் கைதட்டலா என்று துரைராசுவுக்குக் காது எரிந்தது.

"இப்ப ஒரு புதுப் பாட்டுங்க," என்றான் இளையபெருமாள். "இதுவரைக்கும் எங்கேயும் பாடாதது."

கிடாரைக் கீழே வைத்தான். காத்தான் குச்சிகளைப் போட்டுவிட்டு வெறுங்கையால் அடிக்க ஆரம்பித்தான். இந்த முறை ஒரு அடிகூடத் தப்பவில்லை.

மணியன் மணியன் மிராசு மணியன்
ரெண்டு வேலி நஞ்சைக்கு எசமான் மணியன்
கையெழுத்தைப் போடச் சொன்னா கால்குளம்பை நீட்டுவான்
வைக்கோலை அள்ளி வச்சா வாயைத் தொறந்து காட்டுவான்!

ஊருக்கு மணியனைத் தெரியாதா? துரைராசு வீட்டுக் கொட்டகையில் நிற்கிற மயிலைக் காளை. ஜனம் ஆர்ப்பரித்தது.

தாசில்தாரும் சிரித்தார். பிறகு நிறுத்திவிட்டு மெதுவாகத் திரும்பினார்.

"மணியன்னு ஒருத்தரை நாளைக்கு விசாரணைக்கு வரச்சொல்லியிருக்கேனே, மிராசு. அவருக்கும் ரெண்டு வேலிதான். இவர்தானா அவர்?"



அந்த ரெண்டு வேலி, மங்களாம்பிகைக்கு அவள் அப்பா சீதனமாய்க் கொடுத்த நிலம். சட்டம் வருகிறது என்றதும், "கேள்வி கேக்காம கையெழுத்தைப் போடுடி" என்று அதட்டி எழுதி வாங்கி, கொட்டகையில் நின்றவன் பேருக்கு மாற்றியிருந்தார். அது யார் பேர் என்று தெரிந்தது அவருக்கும் கணக்குப்பிள்ளை பஞ்சநதத்துக்கும்தான். பஞ்சநதம் போன ஐப்பசியில் செத்துப்போனார்.

அப்புறம் எவன் சொன்னான்? எந்தப் படுபாவி சொன்னான்?

போதும், வீட்டுக்குப் போகலாம் என்று மனைவிக்குச் சைகை காட்ட, பொம்பளைகள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினார்.

மங்களாம்பிகை அவரைப் பார்க்கவில்லை. மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இளையபெருமாள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு வரிக்கும் முதலில் அவள் உதடு அசைந்தது. அதற்குப் பிறகுதான் அவன் பாடினான்.